குனியாதலே தம்பி!

மீன்கொத்தி தண்ணிக்குள்ள வுழுந்து, மீனைக் கவ்வி, அக்கரைக் கொம்புல போயி உக்காந்து, ரெண்டு அடி அடிச்சு முழுங்கியும் ஆச்சு. நீ இன்னும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நிக்க. என்னத்தலே தேடுத? சில்லறை எதுவும் வுழுந்துட்டா?

ஐஎஸ்ஓ பட்டனா? அது எங்கனலே போயிரும்? செஞ்சவன் வச்ச எடத்துலதான் கெடக்கும். காமிரா வாங்கி ஒரு வருசம் ஆச்சுங்குத. இன்னும் அதுக்கு வழி கேட்டுக்கிட்டு நிக்க. சரி, வா. இப்பிடி நெழல்ல உக்காரு. அந்தக் குளிர்கண்ணாடியையும் கழத்தி வை. கெழவன் நாலு வார்த்தை சொல்லுதேன். கேட்டா கேளு, கேக்காட்டிப் போ. எனக்கு ஒண்ணும் நட்டம் கெடையாது.

இது கூந்தன்குளம். நாங்குநேரித் தாலுகா. 1994ல சரணாலயம்னு அரசாங்கம் அறிவிச்சுது. பறவை அந்த உத்தரவுக்காகக் காத்துக் கெடக்கல. அதுக்கு ரொம்ப முன்னாலயே அது பாட்டுக்கு வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஊருக்குள்ள, வீட்டு வாசல் மரத்துலயே கூடு கட்டும். அதுக்குப் பயம் வந்துரக் கூடாதுன்னு தீவாளிக்கு வெடி போடாத ஊருலே இது. எச்சம் வுழுந்த தண்ணி வயலுக்குப் பாயும், அதுவே உரம். இமயமலைக்கு அந்தாண்ட இருந்து வரித்தலை வாத்து வரும். அதைப் பாக்க மெட்ராஸ்ல இருந்து நீ வாரே. ரெண்டுல எது தூரம்னு தெரியும், ஆனா களைச்சுப் போயி வாரது நீதான்.

நான் பறவையைப் பாக்குதது கொறைச்சல். பறவையைப் பாக்க வாரவியளத்தான் பாப்பேன். அது தனிச் சொகம்லே. டிக்கெட்டு கெடையாது.

போன வாரம் ஒருத்தர் வந்தாரு. பச்சையும் பழுப்புமாத் திட்டுத்திட்டா சட்டை, அதே நெறத்துல தொப்பி, லென்ஸுக்கும் அதே துணியில உறை. மொட்டக் கரையில, சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல, ஒரு செடி இல்லாத எடத்துல நின்னுக்கிட்டு மறைஞ்சு இருக்காராம். கூழைக்கடா அவரை ஏறிட்டுப் பாத்துட்டு, ‘இவரு யாரு, புதுசா இருக்காரே’ன்னு அது சோலியப் பாக்கப் போயிட்டு. ஏமாந்தது எங்க பக்கத்து வீட்டுப் பசு ஒண்ணுதான். தழைன்னு நெனச்சு ஒரு எட்டு எடுத்து வச்சிச்சு.

அவரு லென்ஸு அறுநூறு மில்லிமீட்டர். மூணு கிலோ கனம். விலை பத்து லட்சத்துக்கும் மேலயாம். டீக்கடையில உக்காந்து அதோட வம்சாவளியையே சொன்னாரு. எத்தனை கண்ணாடி உள்ள இருக்கு, அதுல எது ஃப்ளோரைட்டு, ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வுழும், பின்னால இருக்குத எலையெல்லாம் எப்பிடி வெண்ணெயாக் கரையும்னு ஒரே பிரசங்கம். எங்களுக்கெல்லாம் டீ ஆறிப் போச்சு. அந்த நேரம் பாத்து நடுக்குளத்துல இருந்து வாத்துக் கூட்டம் எந்திரிச்சுது. மனுசன் ஓடுனாரு. காமிராவைத் தூக்குனாரு. எறக்குனாரு. மூக்குக்கண்ணாடியைத் தேடுனாரு. அது நெத்தியில இருந்துச்சு. மாட்டிக்கிட்டு ஒரு டயலைப் பாத்தாரு, இன்னொரு பட்டனைப் பாத்தாரு. பொறவு வானத்தைப் பாத்தாரு. வானம் நல்லாத்தான் இருந்துச்சு, சுத்தமா.

திரும்பி வந்து என்ன சொன்னாரு தெரியுமா? ‘எண்ணூறு மில்லிமீட்டரா இருந்திருந்தா கெடைச்சிருக்கும்.’ ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு நம்ம ஊருல சும்மாவா சொல்லுதாவ?

ஏம்லே சிரிக்க? நீ மட்டும் என்ன கிழிச்ச? இந்தக் கருப்பு வெள்ளை மீன்கொத்தி இருக்கே, அது மத்த மீன்கொத்தி கணக்கா இல்ல. தண்ணிக்கு மேல அந்தரத்துல, ஒரே எடத்துல, சிறகை அடிச்சுக்கிட்டு நிக்கும். மூக்கு கீழ பாத்துக்கிட்டு இருக்கும். அது மீனுக்குக் குறி பாக்குத நேரம். உனக்குத் தவணை குடுத்த நேரமும் அதுதான். ‘எய்யா, நான் வுழப் போறேன், தயாராயிக்கோ’ன்னு சொல்லாத கொறை. அந்த நேரத்துல ஷட்டரை ஏத்திரணும். ஆயிரத்துல ஒரு பங்குல இருந்து நாலாயிரத்துல ஒரு பங்குக்குப் போவ ஆறு கிளிக்கு. பெரும்பாலான காமிராவுல மூணு கிளிக்கு ஒரு ஸ்டாப்பு. ஆறு கிளிக்க எண்ண உனக்குக் கண்ணு எதுக்குலே? வெரல் எண்ணாதா? நீ குனிஞ்சு நம்பரைத் தேடுன, அது நிமுந்து போயிட்டு. உனக்குக் கெடைச்சது தண்ணியில வட்டம் வட்டமா அலை. அதைத்தான் ‘அப்ஸ்ட்ராக்ட்டு’ன்னு போட்டு லைக்கு வாங்கப் போற, இல்லையா?

இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்னு பாக்குத. எம் மருமவன் ஸ்டுடியோ வச்சிருந்தான். அவன்ட்ட ஒரு நிக்கான் எஃப்எம்2 இருந்துச்சு. 1982ல வந்த சாமான். அதுல மேல ஒரு ஷட்டர் டயலு, லென்ஸு கழுத்துல அப்பர்ச்சர் வளையம், முன்னால ஃபோகஸ் வளையம். அவ்வளவுதான் சொத்து. பேட்டரி செத்துப் போனாலும் மீட்டர் மட்டுந்தான் படுக்கும், ஷட்டர் அது பாட்டுக்கு அடிக்கும். வளையத்தைத் திருப்புனா ‘டிக்கு டிக்கு’ன்னு கைக்குத் தெரியும். கல்யாண வீட்டுல மருமவன், பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சிய வுட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். வெளக்கு வெளிச்சம் கொறைஞ்சா ரெண்டு டிக்கு தெறப்பான், சோலி முடிஞ்சுது. ஃபிலிம் ரோலுக்கு முப்பத்தாறு படம். ஒண்ணு வீணானா காசுலே. உனக்கு என்ன, ஒரு செகண்டுக்கு இருபது முப்பது வுழுது. வீட்டுல போயி அழிக்கவே ஒரு நாளு லீவு போடுத.

அவனாவது கல்யாண வீட்டுல நின்னான். நம்ம திருநெல்வேலியில 1912ல பொறந்த ஒரு மனுசன், மா. கிருஷ்ணன். எழுத்தாளர் மாதவையா மவன். பத்மஸ்ரீ வாங்குனவரு. காட்டுக்குள்ள நடந்து போயும், யானை மேல உக்காந்து போயும் காட்டு யானையைப் படம் புடிச்சாரு. எல்லாம் கருப்பு வெள்ளை. கையில வச்சிருந்தது என்ன? ஒண்ணோட ஒடம்பும் இன்னொண்ணோட லென்ஸுமா, கெடைச்சதைச் சேத்து அவரே முடுக்கிக்கிட்ட பூதாகாரமான ஒரு காமிரா. அதுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு கேலியா ஒரு பேரு வேற வச்சிருந்தாரு. ஆட்டோ ஃபோகஸ் கெடையாது, ஆட்டோ எதுவும் கெடையாது. எதிர்த்தாப்புல நிக்கது கொம்பன். ‘செத்த நில்லு ராசா, மெனுவுக்குள்ள போயி ஒண்ணு மாத்திட்டு வாரேன்’னு அதுட்ட சொல்ல முடியுமா? சொல்லித்தான் பாரேன்.

இப்போ உன் காமிராவை இங்கன தா. பயப்படாத, தின்னுற மாட்டேன். எத்தனை பட்டன்லே இது! சரி, எல்லாம் வேண்டாம். பறவைக்கு அஞ்சு போதும். ஃபோகஸ் புடிக்க ஒண்ணு, ஷட்டர் வேகத்துக்கு ஒண்ணு, ஐஎஸ்ஓவுக்கு ஒண்ணு, வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைக்க ஒண்ணு, ஃபோகஸ் புள்ளியை நவுட்ட ஒண்ணு. மிச்சத்தையெல்லாம் செஞ்சவன் பொழைக்கணும்னு வச்சிருக்கான். அதை நாம குத்தம் சொல்லப் படாது.

ஃபோகஸை மட்டும் பெருவெரலுக்குக் குடுத்துரு. ஷட்டர் பட்டனைப் பாதி அமுக்குனா ஃபோகஸு, முழுசா அமுக்குனா படம். அப்பிடித்தான் கடையில இருந்து வருது. ஒரே வெரலுக்கு ரெண்டு சோலி. மஞ்சமூக்கு நாரை கூட்டுல உக்காந்திருக்கு, ஃபோகஸ் புடிச்சுட்ட, அது தலையைத் திருப்பட்டும்னு காத்திருக்க. வெரலை எடுத்து மறுக்கா வச்சா, திரும்பவும் ஃபோகஸ் ஓடும். முன்னால கெடக்குத கருவேலங் கொப்பைப் போயிப் புடிச்சுக்கிடும். பின்னாடிப் பட்டனுக்கு ஃபோகஸை மாத்தி வச்சியன்னா, பெருவெரல் அமுக்குனா ஓடும், எடுத்தா நிக்கும். பறந்தா அமுக்கியே வையி, உக்காந்தா எடுத்துரு. ஆள்காட்டி வெரலுக்குப் படம் எடுக்குத சோலி மட்டும். இது என்னமோ நேத்து ராத்திரி யூடியூப்ல ஒருத்தன் கண்டுபுடிச்ச ரகசியம்னு நெனைச்சுக்கிட்டு இருக்க. 1989ல கேனான்காரன் இஓஎஸ் 630லயே இந்த வழியை வச்சுட்டான். நீ அப்போ பொறக்கவே இல்ல.

வெளிச்சக் கணக்குதான் கொஞ்சம் வெவகாரம். நல்லாக் கேளு. காமிராவுக்கு ஒரே ஒரு புத்திதான். எதைக் காட்டுனாலும் அதை நடுச்சாம்பல் நெறத்துக்குக் கொண்டாரணும்னு பாக்கும். வெள்ளைக் கொக்கு ஃப்ரேம் நெறைய நிக்குன்னா, ‘அட, ரொம்ப வெளிச்சம்’னு அதுவே கொறைச்சுப்புடும். கொக்கு அழுக்கா வரும். நீ ரெண்டு மூணு கிளிக்கு கூட்டணும். நீர்க்காகம் நெறைஞ்சு நின்னா நேர் எதிரு. கருப்பை வெளுக்கப் பாக்கும். நீ கொறைக்கணும். இதோட முடிஞ்சுட்டான்னா இல்ல. அதே கொக்கு தூரத்துல சின்னதா, பின்னால இருட்டுக் கருவேலங்காடுன்னா? காமிரா காட்டைப் பாத்துட்டு வெளிச்சத்தை ஏத்திரும். கொக்கு சுண்ணாம்பு பூசுன சொவராப் போயிரும், ஒரு சிறகு தெரியாது. அங்கன நீ கொறைக்கணும். ஆக, வெள்ளைன்னா கூட்டு, கருப்புன்னா கொறைன்னு நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணுதியே, அது பாதிப் படிப்பு.

இன்னும் ஒண்ணு. கூழைக்கடா வானத்துல இருந்து எறங்கி, மரத்துக்கு முன்னால வந்து, தண்ணியில ஒக்காருது. பின்னால முதல்ல வெளுத்த வானம், பொறவு கருத்த மரம், பொறவு மினுங்குத தண்ணி. பறவை மேல வுழுத வெயிலு மாறுச்சாலே? மாறல. ஏமாறுதது காமிராதான். அந்த எடத்துல மேனுவல்ல ஒருக்கா சரியா வச்சுட்டுப் பேசாம இருக்கணும். ஐஎஸ்ஓவையும் ஆட்டோல வுடாத. அதை வுட்டா மேனுவலும் சும்மா பேருக்குத்தான். எப்போ வெரலை ஓட்டணும்னு தெரிஞ்சவன், எப்போ சும்மா வச்சிருக்கணும்னும் தெரிஞ்சுக்கிடணும்.

நான் வயசுல பனையேறினவன்லே. முட்டி இப்போ பேச மாட்டேங்கு, கையி இன்னும் மறக்கல. விடியுததுக்கு முன்னால ஏறணும், இருட்டுக்குள்ள. இடுப்புல அருவாப்பெட்டி. அதுக்குள்ள பாளை அருவா, மட்டை அருவா, பாளையை நசுக்குத கடிப்பு, எல்லாம் கெடக்கும். உச்சியில போயி மட்டைக்கு நடுவுல ஒரு கையால புடிச்சுக்கிட்டு உக்காருவோம். மட்டை ஓரம் பூரா கருக்கு, ரம்பம் கணக்கா அறுக்கும். இன்னொரு கையி பின்னால போவும். பாளை அருவாவோட வாயி மயிரை வழிக்குத கூரு. அதுட்டப் போயி ‘நீ எங்கன இருக்கே’ன்னு தடவிப் பாக்க முடியுமா? கைப்புடி எங்கன, வாயி எந்தப் பக்கம்னு வெரலுக்குத் தெரியணும். கண்ணு பாளை மேல. எவ்வளவு சீவணும்னு பாக்குத சோலி அதுக்கு. கூடச் சீவுனா பாளை வீணு, கொறைச்சுச் சீவுனா பதநீ சொட்டாது. எங்க அய்யா என்னைய மரத்துல ஏத்துததுக்கு முன்னால தரையில உக்கார வச்சு, அருவாப்பெட்டியை இடுப்புல கட்டிவுட்டு, எடு வையி எடு வையின்னு பொழுதனைக்கும் உசுரை வாங்குனாரு. எடுத்த எடத்துலயே திரும்ப வைக்கணும். மாத்தி வச்சா முதுகுல ஒண்ணு வுழும். அப்போ அவரைத் திட்டாத நாளில்ல.

உனக்கு முதுகுல வைக்க ஆளில்ல. அதான் இந்தக் கோலம்.

வாராவாரம் பட்டனை மாத்தி வைக்கியாமே? இந்த வாரம் ஒருத்தரு வீடியோவுல சொன்னாருன்னு முன்பட்டனுக்கு ஒரு வேலை. அடுத்த வாரம் இன்னொருத்தரு சொன்னாருன்னு அதைத் தூக்கிப் பின்பட்டனுக்கு. ஏலே, உன் மூளை படிச்சுரும், வெரலு பாவம் என்னத்தலே செய்யும்? எதையாவது ஒண்ணை வச்சு ஆறு மாசம் தொடாம இரு. அது ஒசத்தியா இது ஒசத்தியான்னு வெரலு கேக்காது. நேத்து இருந்த எடத்துல இன்னைக்கும் இருக்கான்னுதான் கேக்கும்.

கம்பெனி மாறுதவன் கதை இன்னும் சிரிப்பு. கேனான்ல இருந்து நிக்கானுக்குத் தாவுதான். மேனுவல்ல வச்சா, கேனான்ல ஆள்காட்டி வெரலு டயலு ஷட்டரு. நிக்கான்ல அந்த வெரலுக்கு அப்பர்ச்சரு, ஷட்டர் பெருவெரலுக்குப் போயிரும். லென்ஸை மாட்டக்கூட எதிர்ப்பக்கமாத் திருப்பணும். ஜூமும் எதிர்ப்பக்கம். கிட்ட இழுக்கணும்னு திருப்புவான், பறவை கடுகாப் போயிரும். மாறக் கூடாதுன்னு நான் சொல்லல. காசு உன்னது. மாறுனா கையி பழகுத வரைக்கும் ‘நான் வைல்டு லைஃபு’ன்னு சட்டையில எழுதிக்கிட்டு அலையாத, அவ்வளவுதான். நீயே இப்போ லென்ஸை வாடகைக்கு எடுத்துட்டு வந்திருக்க. நேத்து சாயங்காலம் கையில வந்துட்டுங்குத. ராத்திரி அதைத் தொட்டாவது பாத்தியா? பையில பூட்டி வச்சுட்டு, கால்மாட்டுல போட்டுத் தூங்கியிருக்க.

அந்த லென்ஸு பக்கவாட்டுல வரிசையாச் சின்னச் சின்ன சுவிச்சு இருக்கே, தடவிப் பாத்தியா? ஆட்டோ ஃபோகஸா கையாலயா, கிட்டத்துல இருந்தா தூரத்துல இருந்தா, ஆட்டம் நிறுத்துதது வேணுமா வேண்டாமா, இப்பிடி. பைக்குள்ள உரசி உரசி அதுல ஏதாவது ஒண்ணு நவுந்து போயிருக்கும். விடியக்காலம் இருட்டுல எடுத்து ‘ஃபோகஸ் ஓட மாட்டேங்கு, லென்ஸு போச்சு’ன்னு அலறுவாவ. சுவிச்சு மேனுவல்ல கெடக்கும். பையில இருந்து எடுத்ததும் பெருவெரலை அந்த வரிசை மேல ஒருக்கா ஓட்டு. எது மேல இருக்கணும், எது கீழன்னு பழகிட்டா டார்ச்சு வேண்டாம். பறவை மூஞ்சியில டார்ச்சடிச்சு எழுப்பவும் வேண்டாம்.

பட்டன் எல்லாம் ஒரே வழுவழுன்னு இருக்கு, வித்தியாசம் தெரியலைங்குத. அதுக்கும் ஏதோ வெளிநாட்டுச் சாமான் ஆர்டர் போட்டிருக்க. வீட்டுல அம்மா ஸ்டிக்கர் பொட்டு வச்சிருப்பாவல்லா? கல்லு வச்ச பொட்டு ஒண்ணை எடுத்து ஐஎஸ்ஓ பட்டன்ல ஒட்டு. வெரலு பட்டதும் தெரியும். ஒரு அட்டை பத்து ரூவா. காமிராவுக்குப் பொட்டு வச்ச மங்களமும் ஆச்சு.

அடுத்து நீ என்ன சொல்லப் போறன்னு தெரியும். ‘தாத்தா, இப்போ வார காமிரா பறவைக் கண்ணை அதுவே கண்டுபுடிச்சுரும்.’ கண்டுபுடிக்குது, ஒத்துக்கிடுதேன். நல்ல சாமான்தான். அதுக்கும் முன்னால 1992லயே கேனான் இஓஎஸ் 5ல மனுசன் கண்ணு போற பக்கம் ஃபோகஸ் போவும்னு ஒண்ணு வச்சான். கண்ணாடி போட்டவன் பாத்தா அது முழிக்கும். பொறவு பல வருசம் அதைக் காணோம். 2021ல ஆர்3ல திரும்பக் கொண்டாந்தான். நோகாம நுங்கு திங்க யாருக்குத்தான்லே ஆசை இல்ல? ஆனா இந்தக் கரைக்கு வந்து பாரு. ஒரு மரத்துல பத்து கூடு, ஒவ்வொரு கூட்டுலயும் ரெண்டு மூணு தலை, முன்னால பூரா முள்ளுக் கொப்பு. எந்தக் கண்ணு உனக்கு வேணும்னு அதுக்கு யாரு சொல்லுவா? அது பாட்டுக்குத் தாவும். இங்கன ஒண்ணு, அங்கன ஒண்ணு, நடுவுல முள்ளு. அப்போ ஒத்தைப் புள்ளிக்கு மாத்தி, அந்தப் புள்ளியை நவுட்டி, நீ நெனைச்ச தலை மேல வைக்கணும். அதுக்கும் ஒரு பட்டன்தான். அதைக் குனிஞ்சு தேடுனியன்னா குஞ்சு எரையை முழுங்கிரும்.

சரி, எப்பிடிப் பழகுததுன்னு கேளு. கூந்தன்குளத்துக்கு வந்து பழகாதலே. இங்கன வாரது எடுக்க. பழகுதது வீட்டுல. உங்க மெட்ராஸ்ல காக்கா இல்லையா? மொட்டை மாடிக்குப் போ. காக்கா கருப்பு, கொறைக்கப் பழகு. சாக்கடை ஓரம் கொக்கு நிக்கும், கூட்டப் பழகு. புறா கூட்டமாச் சுத்தும், தொடரப் பழகு. பஞ்சுருட்டான் கம்பியில இருந்து கெளம்பி, பூச்சியைப் புடிச்சுட்டுப் பெரும்பாலும் அதே கம்பிக்கு வரும். அதைவிட நல்ல வாத்தியார் காசு குடுத்தாலும் கெடைக்க மாட்டாரு. இந்தப் படத்தையெல்லாம் யாருக்கும் காட்ட வேண்டாம். அதான் உனக்குக் கஷ்டம், இல்லையா? காக்காவை எடுத்தா யாரு கைதட்டுவா?

காமிராவைக் கண்ணுக்குக் கொண்டு போற வித்தையும் அங்கனயே படி. பறவையைப் பாக்குத. பொறவு குனிஞ்சு காமிராவுக்குள்ள கண்ணை வைக்க. வானத்துல துழாவுத. பறவை எங்கன, வானம் எங்கன? பாத்துக்கிட்டு இருக்குத கண்ணை எடுக்காம, காமிரா மேல வரணும். இடது கையி லென்ஸுக்கு அடியில தாங்கணும், முழங்கை ஒடம்போட ஒட்டணும். பறவை வார தூரத்துக்கு ஒத்த ஏதாவது மரத்துல முன்னாலயே ஃபோகஸ் புடிச்சு வச்சிருந்தா, உள்ள பாத்ததும் ஒரே மங்கலாத் தெரியாது. ஜூம் இருந்தா முதல்ல அகலமா வச்சுக் கண்டுபுடி, பொறவு இழு. இதுக்கு ஒரு ரூவா செலவு உண்டா? இல்ல. அதனாலதான் யாரும் இதைப் பத்திப் பேச மாட்டேங்கான்.

ராத்திரி கரண்டு போவும்லா? உங்க ஊருல இப்போ போவாதுன்னா வெளக்கை அணைச்சுக்கோ. இருட்டுல உக்காந்து, நானூறு ஐஎஸ்ஓவை ஆயிரத்து அறுநூறு ஆக்கு. ஆறு கிளிக்கு. ஷட்டரை ரெண்டாயிரத்துல ஒண்ணுல இருந்து ஐநூறுல ஒண்ணுக்கு எறக்கு. அதுவும் ஆறு, எதிர்ப்பக்கம். பொறவு வெளக்கைப் போட்டுப் பாரு. தப்பா? மறுக்கா. சோலி முடிஞ்சதும் எல்லாத்தையும் நீ வழக்கமா வைக்குத எடத்துக்கே கொண்டாந்து வச்சுட்டுப் படு. இதுதான் முக்கியம். எங்க இருந்து கெளம்புதோம்னு தெரியாதவன் எத்தனை கிளிக்கு எண்ணி என்னலே பிரயோசனம்? நேத்து சாயங்காலம் மங்கலுக்கு ஏத்தி வச்ச ஐஎஸ்ஓவோட இன்னைக்கு உச்சி வெயில்ல வந்து படம் எடுத்துட்டு, ‘சென்சாரு சரியில்ல’ன்னு சொன்னவனையும் இந்தக் கரையில பாத்திருக்கேன்.

படம் எடுத்ததும் ஒவ்வொண்ணையும் பின்னால திருப்பிப் பாக்குத வியாதி வேற. என்னத்தலே அங்கன இருக்கு? போன பறவை. வார பறவை முன்னால இருக்கு. உன் காமிரா கண்ணாடி இல்லாத புது மாதிரி, உள்ள பாக்கயிலயே வெளிச்சம் எப்பிடி வரும்னு காட்டுது, நம்பர் பூரா அடியில ஓடுது. அதை வுட்டுட்டு வெளியில தலையை எடுக்க என்ன முகாந்தரம்? வீட்டுல பாத்துக்கிடலாம். நல்லா வந்திருந்தா அங்கனயும் நல்லாத்தான் இருக்கும். கெட்டுப் போயிருந்தா இப்போ பாத்து என்ன செய்யப் போற, நாரையைக் கூப்புட்டு மறுக்கா எறங்கச் சொல்லப் போறியா?

பேசுனது போதும், தொண்டை வறண்டு போச்சு. வாத்து எந்திரிக்க இன்னும் நேரம் கெடக்கு. ஒரு பரிச்சை வைக்கேன், வா. காமிராவைக் கையில எடு. கண்ணை மூடு. இடுக்குல பாக்கக் கூடாது, ஆமா. ஃபோகஸ் பட்டன்? ம், சரிதான். ஷட்டர் டயலு? அதேதான். மூணு கிளிக்கு ஏத்து, நான் காதால எண்ணுதேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. ஏம்லே நாலு? சரி, ஒண்ணு எறக்கு. இப்போ ஐஎஸ்ஓ. இல்ல. அது இல்ல. முன்னால ஏம்லே போற, அங்கன லென்ஸுல்லா இருக்கு? ஏலே, நில்லு, நில்லு, அதை அமுக்கித் திருப்பாத! அது லென்ஸைக் கழத்துத பட்டன்லே! வாடகைச் சாமான்னு வேற சொன்ன!